பொன்டு போன வழி

குய்வஸ்துவிலிருந்து விர்ட்சுவுக்கு இருபத்தேழு நிமிடம்.
வண்டிகளைத் தளத்தில் நெருக்கி நிறுத்தி
லாரிச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு
கையுறையைப் பல்லால் கழற்றி
மகளைப் பார்ப்பேன்.

மகள் என்றால் எண்கள்.
நாடி நூற்று நான்கு.
சூடு முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
நேற்று நடந்தது நானூற்றுப் பதினோரு அடி:
கட்டிலிலிருந்து கழிப்பறை, கழிப்பறையிலிருந்து கட்டில்,
ஒரே ஒரு தரம் சன்னல்வரை.

பட்டையை மாட்டிவிட்டவள் தாலின் ஆஸ்பத்திரித் தாதி யூல்லே,
இரண்டாம் சுற்று மருந்து ஏறி முடிந்த அன்று.
மிர்டெல் மஞ்சள் கேட்டாள்.
மஞ்சள் தீர்ந்துவிட்டதாம். சாம்பல்தான்.
"முப்பத்தெட்டைத் தொட்டால் யோசிக்காதீங்க, கிளம்புங்க."
இருபது வருடம் படகில் வேலை எனக்கு.
போய்ச் சேரவே கூடாத துறை ஒன்று
அன்றுதான் வரைபடத்தில் ஏறியது.

மணிக்கட்டு மெலிய மெலிய
ஆணியைச் சூடாக்கிப் பட்டையில் துளை போட்டேன்.
இதுவரை மூன்று துளை.
அந்தக் கணக்கு எந்தத் திரையிலும் வருவதில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
பனித்தகடுகள் படகின் விலாவில் உரசிக்கொண்டிருந்தன.
கைபேசியில் அடிகள்: இரண்டாயிரத்து முந்நூறு.
கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
மூவாயிரம்.
ரெய்னோவின் முதுகில் ஓங்கி அறைந்தேன்,
அவன் காப்பி சிந்தியது.
"நடக்கிறாடா!"
நாலாயிரம்.

அப்புறம்தான் மேல் வரியைப் பார்த்தேன்.
நாடி இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு சிறு கோடுகள்.

நாடி இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள் என் மகள்,
நாலாயிரத்து நூறு, நாலாயிரத்து இருநூறு.
லீடியா போனை எடுக்கவில்லை.
இன்னும் பத்தொன்பது நிமிடம், அதுவும் எதிர்த் திசையில்.
கப்பலைத் திருப்பச் சொல்லலாம்தான்.
எவன் திருப்புவான்?
விர்ட்சுவில் பாலத்தை இறக்கினேன்.
ஒவ்வொரு வண்டிக்கும் கையசைத்தேன்,
நீ போ, நீ நில், நீ வா.
நீல வண்டிக்காரர் ஒருவர் நன்றி என்று தலையாட்டினார்.
அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை.

யூல்லேதான் முதலில் கூப்பிட்டாள்:
"இங்கேயும் கோடுதான் வருது. வீட்டில் யார்?"
அடுத்து லீடியா, மூன்று இரவு உறக்கம் ஒட்டிய குரலில்:
"தூங்குறா. மூச்சு சீராத்தான் இருக்கு. நெத்தி சூடில்ல.
கையில பட்டையக் காணோம்.
இரு...
கதவு திறந்து கிடக்கு. நாயையும் காணோம்."

பொழுது சாய்ந்து வந்தது பொன்டு,
தாடியெல்லாம் பனிமணி,
கழுத்துவாரில் சாம்பல் பட்டை,
ஒன்பதாயிரத்து எழுநூறு அடி.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.
கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.
"ஒரு மாசமா என்கூடவே படுத்துக் கிடக்கு பாவம்.
வெளிய போயிட்டு வரட்டுமேன்னு."
நாயைச் சொன்னாளா, பட்டையைச் சொன்னாளா?
நான் கேட்கவில்லை.

யூல்லே சிரித்து முடித்துத் தொண்டையைச் செருமினாள்.
பதிவிலிருந்து அந்த நாளை நீக்கவேண்டி வரும் என்றாள்.
சரி, உங்கள் பக்கம் நீக்குங்கள் என்றேன்.

கைபேசியில் பொன்டு போன வழி ஒரு சிவப்பு நூலாய்க் கிடந்தது.
மிர்டெல் அதன்மேல் விரலை ஓட்டினாள்:
பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகை,
உறைந்த குளத்தை இரண்டு சுற்று,
சாத்திய கடை,
பள்ளிக்கூட வேலி. அங்கே நூல் சிக்கலாகிக் குவிந்திருந்தது.
"இங்க ஏன் இவ்வளவு நேரம் நின்னுது?"
"யாராவது தின்னக் கொடுத்திருப்பாங்க."
"இன்னிக்கு வியாழன். பான்கேக் போடுவாங்க" என்றாள்.
விரல் அங்கேயே இருந்தது.

பட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி
அடுப்பருகே காய வைத்திருந்தோம்.
அந்த அரைமணி நேரம்
அவளைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் வரவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.